விடாது கருப்பு: தொலைக்காட்சித் தொடரின் வரவேற்பும் விமர்சனமும்

'விடாது கருப்பு' சன் தொலைக்காட்சியில் 1990களின் பிற்பாதியில் வாரம் ஒரு நாள் ஒளிபரப்பான தமிழ் அமானுஷ்ய மர்மத் தொடர். 'மர்மதேசம்' என்ற பொதுத் தலைப்பில் வந்த கதைகளில் இது இரண்டாவது. நவபாஷாண லிங்கத்தைச் சுற்றி நகர்ந்த 'ரகசியம்' இதற்கு முன்னது. 'சொர்ண ரேகை', 'எதுவும் நடக்கும்', 'இயந்திரப் பறவை' ஆகியவை பின்னர் ராஜ் தொலைக்காட்சியில் வந்தன. கதை, இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' நாவலை அடியொற்றியது. இயக்கம் நாகா. தயாரிப்பு, இயக்குநர் கே. பாலசந்தரின் மகன் பால கைலாசம் முன்னின்று நடத்திய மின்பிம்பங்கள் நிறுவனம்.

பெரியவர்களுக்காக எடுத்த தொடர் இது. ஆனால் இன்று இதைப் பற்றிப் பேசுகிறவர்களிலும் எழுதுகிறவர்களிலும் பெரும்பாலோர் அன்றைய பள்ளிப் பிள்ளைகள். கதையின் மையத்திலும் ஒரு சிறுவன்தான் இருக்கிறான். எனவே இதன் வரவேற்பு என்று எதைச் சொன்னாலும் பேச்சு கடைசியில் குழந்தைகளிடம் வந்து நிற்கிறது. திரையில் பயந்த பிள்ளை ஒருவன். திரைக்கு வெளியே பயந்த பிள்ளைகள் ஒரு தலைமுறை. அந்தத் தலைமுறை வளர்ந்து இருபது ஆண்டுகள் கழித்துச் சொன்ன தீர்ப்பே இத்தொடருக்கு நிலைத்த தீர்ப்பாகிவிட்டது.

கதையும் கட்டுமானமும்

தோட்டக்கார மங்கலம் என்ற கற்பனைக் கிராமத்தில் கருப்புசாமி குதிரையேறி வந்து குற்றம் செய்தவர்களைத் தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. சாவுகளும் நடக்கின்றன. நகரத்திலிருந்து வருகிற படித்தவர்கள் இதற்குக் காரணம் தேடுகிறார்கள். இன்னொரு பக்கம், ராசு என்ற சிறுவனின் பிள்ளைப் பருவம் தனி இழையாக ஓடுகிறது. இந்த இரண்டு காலங்களையும் மாற்றி மாற்றிக் காட்டி, அவை எங்கே சேர்கின்றன என்பதைக் கடைசிவரை மறைத்து வைத்ததுதான் தொடரின் பெரிய தந்திரம்.

முடிச்சு அவிழும்போது கிடைக்கும் விடை மருத்துவ விடை. சிறு வயதில் பட்ட மனக்காயம் ஒரு மனிதனைப் பிளந்து, அவனுக்கே தெரியாமல் அவனைக் கருப்பாக்கிவிடுகிறது. ஆனால் சாமிக்கும் ஓர் ஓரம் மிச்சம் வைக்கப்படுகிறது. எல்லாமே மனநோய்தான் என்று அடித்துச் சொல்லிக் கதவைச் சாத்திவிடவில்லை. இந்திரா சௌந்தர்ராஜனின் எழுத்தில் இது வழக்கமான உத்தி. நம்புகிறவனும் நம்பாதவனும் தத்தம் கட்சி ஜெயித்ததாக எண்ணிக்கொண்டு எழுந்து போகலாம். இதைச் சாமர்த்தியம் என்பாரும் உண்டு, நழுவல் என்பாரும் உண்டு. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நடிகர்கள் சேத்தனும் தேவதர்ஷினியும் இத்தொடரால் பரவலாக அறியப்பட்டார்கள். பிறகு வாழ்க்கையிலும் இணைந்தார்கள். சிறுவன் ராசுவாக நடித்தவர் லோகேஷ். பின்னர் 'ஜீபூம்பா' தொடரிலும் நடித்தார். 2022இல் அவர் மறைந்தபோது செய்திகள் அவரை 'மர்மதேசம் சிறுவன்' என்றே அடையாளம் காட்டின. நடித்து கால் நூற்றாண்டு ஆகியும் அந்த முகம் ஊருக்கு மறக்கவில்லை.

ஒளிபரப்பான காலத்தில்

அச்சு விமர்சனம் என்று தேடினால் கைக்குக் கிடைப்பது கொஞ்சமே. அன்றைய வார இதழ்கள் சினிமாவுக்குப் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதின. ஆனந்த விகடன் படங்களுக்கு மதிப்பெண்ணே போட்டது. தொலைக்காட்சித் தொடருக்கு அப்படி ஒரு வழக்கம் உருவாகவில்லை. சன் தொலைக்காட்சி தொடங்கியதே 1993 ஏப்ரல் 14இல்தான். தொடர் என்பது சமையலறை வேலைக்கு நடுவே பார்க்கும் சமாசாரம், அதற்கு விமர்சனம் எதற்கு என்ற அலட்சியமும் இருந்தது. ஆக, வரவேற்பு என்பது மறுநாள் காலை வகுப்பறையிலும் பேருந்து நிறுத்தத்திலும் அலுவலகச் சாப்பாட்டு நேரத்திலும் நடந்த பேச்சுதான். 'யாருடா அது?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு புது ஆளைக் கைகாட்டினார்கள். வாரம் ஒரு நாள் வந்ததும் நல்லதாயிற்று. தினத்தொடரின் வேகத்தில் வந்திருந்தால் யூகிக்க நேரமே இருந்திருக்காது.

பயம் எப்படி உண்டாக்கப்பட்டது என்பதைக் கவனித்தால், இத்தொடர் ஏன் ஒட்டிக்கொண்டது என்பது விளங்கும். இதில் கோரமுகம் கிடையாது. புகைமூட்டத்தில் வெள்ளைப் புடவையும் கிடையாது. குளம்பொலி முதலில் கேட்கும், குதிரை பிறகு வரும், முகம் கடைசிவரை தெரியாது. காட்டாததை வைத்தே பயமுறுத்துவது செலவு குறைந்த வழி என்பதும் உண்மை. அன்றைய தொலைக்காட்சித் தயாரிப்பில் காசு தாராளமாகப் புழங்கியதில்லை. ஆனால் அதே கையிருப்பில் மற்றவர்கள் எடுத்த பேய்த் தொடர்கள் இன்று சிரிப்பு மூட்டுகின்றன, இது மூட்டவில்லை.

கடலூர் பக்கத்துப் பார்வை

கருப்பு தென் மாவட்டங்களில் வேர்விட்ட தெய்வம். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கருப்பசாமி, பதினெட்டாம்படிக் கருப்பன் என்று ஊருக்கு ஊர் இருப்பார். இந்திரா சௌந்தர்ராஜன் சேலத்தில் பிறந்து மதுரையில் வாழ்ந்தவர்; கதையின் மண்ணும் அங்கிருந்து வந்ததே. பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில், மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று போனால் எல்லைக் காவல் பெரும்பாலும் ஐயனாரிடமும் முனீஸ்வரனிடமும் வீரனாரிடமும் இருக்கும். ஆனால் குதிரை இங்கும் உண்டு. ஊருக்கு வெளியே, கண்ணை உருட்டி முன்னங்காலைத் தூக்கி நிற்கும் சுண்ணாம்புக் குதிரையைப் பகலில் தினமும் கடந்து பள்ளிக்குப் போன பிள்ளைக்கு, இரவில் தொலைக்காட்சியில் குளம்பொலி கேட்டால் எந்தக் குதிரை ஞாபகத்துக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாமியின் பெயர் வேறாக இருந்தும் கதை வட மாவட்டங்களில் அன்னியமாகப் படாததற்கு இதுவே காரணம்.

இன்னொன்று, அன்று எல்லா வீட்டிலும் கேபிள் இணைப்பு இல்லை. தெருவில் இணைப்பு உள்ள ஒரு வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்த்து முடிந்ததும் விளக்கில்லாத சந்து வழியாக அவரவர் வீட்டுக்குப் போயாக வேண்டும். தொடரின் உச்சக்காட்சி அந்தச் சந்துதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கொல்லைப்புறத்துக்குப் போகத் துணை கேட்ட பிள்ளைகளை வீட்டுப் பெரியவர்கள் அதட்டினார்கள். அடுத்த வாரம் அவர்களே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டும் பார்த்தார்கள்.

கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்துக்கு இதே கூட்டணியில் தனியாக ஒரு தொடர் அமைந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'சிதம்பர ரகசியம்' 2004 முதல் 2006 வரை சன் தொலைக்காட்சியில் வந்தது. நாடி சோதிட ஓலைகளைச் சுற்றிய கொலை மர்மம். பாராட்டு அதற்கும் குறைவில்லை. ஆனால் அதைப் பற்றிய பேச்சில் புத்திசாலித்தனம் என்ற சொல்தான் அடிக்கடி வரும், பயம் என்ற சொல் வராது. அந்தக் கதையில் பிள்ளை மனம் மையத்தில் இல்லை.

குழந்தைகளுக்கு ஆகுமா?

விமர்சனத்தில் கனமான பகுதி இதுதான். கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள், 1994இன் 6ஆம் விதி, மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சிகள் கூடாது என்கிறது. குழந்தைகளுக்குப் பொருந்தாதவற்றை அவர்கள் அதிகமாகப் பார்க்கும் நேரத்தில் காட்டக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. விதி ஏட்டில் இருந்தது. சாமியாட்டம், சோதிடம், பேய் என்று தொலைக்காட்சி போகும் போக்கைப் பகுத்தறிவு இயக்கத்தார் தொடர்ந்து கண்டித்தும் வந்தார்கள். 'விடாது கருப்பு' அந்தக் கண்டனத்துக்கு முழுதாகவும் அகப்படாது, முழுதாகவும் தப்பாது. முடிவு மனநல மருத்துவத்தின் பக்கம் சாய்வது உண்மை. ஆனால் அந்த முடிவுக்கு முன் பல மாதங்கள் வாரம் தவறாமல் சாமியே கொல்கிறது என்று நம்பவைத்ததும் உண்மை. நடுவில் பார்ப்பதை விட்டுவிட்ட ஒரு பிள்ளைக்கு மிஞ்சியது கருப்பு மட்டும்தான். அவனுக்கு மருத்துவர் வந்து விளக்கவே இல்லை.

மற்ற நாடுகளில் இந்தக் கேள்வி சூடாகவே எழுந்தது. 1992 அக்டோபர் 31 அன்று பிபிசி ஒளிபரப்பிய 'கோஸ்ட்வாட்ச்' பேய் பிடித்த வீட்டிலிருந்து வரும் நேரடி ஒளிபரப்பு போல எடுக்கப்பட்ட நாடகம். அந்த வீட்டில் இரண்டு சிறுமிகள். அதைப் பார்த்த பத்து வயதுச் சிறுவர் இருவருக்கு ஏற்பட்ட மனஅதிர்ச்சி பற்றி 1994இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். பிபிசி அதை மறுபடி ஒளிபரப்பவில்லை. இந்தியாவில் 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'சக்திமான்' தொடரின் நாயகன் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிப் பிள்ளைகள் ஆபத்தில் மாட்டிக்கொண்டதாகச் செய்திகள் வந்து பெரிய விவாதமானது. அதே காலத்தின் கருப்புக்கு அப்படி விசாரணை எதுவும் நடக்கவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் பயப்படாததால் அல்ல. சாமிக்குப் பயப்படுவது நல்ல பழக்கம் என்று வீடு நினைத்தது. அதைக் குறையாக யாரும் எழுதிப் போடவில்லை.

ராசுவைக் காட்டிய விதத்துக்கு வந்த பாராட்டு வேறு வகை. தமிழ்த் தொடர்களில் குழந்தை பெரும்பாலும் மழலை பேசும் அலங்காரம், இல்லையென்றால் பெற்றோர் சண்டைக்கு நடுவே அழும் பொருள். மாயப் பூதம் தோழனாக வரும் பிள்ளைத் தொடர்களில் குழந்தை அதன் விளையாட்டுத் துணை. இங்கோ பிள்ளை பார்க்கிறது, கேட்கிறது, பெரியவர்கள் மறந்துவிட்டதை மறக்காமல் வைத்திருக்கிறது. ஊரின் பாவங்களுக்கு அதுவே சாட்சி. குழந்தைப் பருவத்துக் கொடுமை வளர்ந்தவனை எப்படிச் சிதைக்கும் என்பதைக் குடும்பங்கள் கூடியிருந்து பார்க்கும் நேரத்தில் சொன்னது சின்ன காரியமில்லை. என் கணிப்பில் இத்தொடரின் உண்மையான சாதனை குதிரை அல்ல, இந்தச் சிறுவனே.

குறையும் இங்கேதான். பிளவுபட்ட மனம் என்றாலே கொலை செய்யும் மனம் என்ற சூத்திரத்தை இதுவும் பயன்படுத்துகிறது. 2005இல் அதே சூத்திரத்தோடு 'அந்நியன்' படம் வந்தபோது, இதை நாங்கள் தொலைக்காட்சியில் முன்பே பார்த்துவிட்டோம் என்று மர்மதேச ரசிகர்கள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். பெருமையில் தவறில்லை, ஆனால் மனநோயாளியைப் பற்றிய தவறான பயத்தில் இரண்டுக்குமே பங்கு உண்டு.

பிற்கால மதிப்பீடு

பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம் இத்தொடரின் பகுதிகளை யூடியூபில் வெளியிட்ட பிறகு இரண்டாவது வரவேற்பு தொடங்கியது. அன்று பயந்தவர்கள் வளர்ந்து பெரியவர்களாகி மறுபடி பார்த்தார்கள். பயம் பாதி கரைந்திருந்தது. அதன் இடத்தில் கதைக் கட்டுமானத்தின் மேல் மரியாதை வந்தது. எந்தக் காட்சியில் துப்பு வைக்கப்பட்டிருக்கிறது, எந்த வசனத்தில் முடிவு முன்பே சொல்லப்பட்டிருக்கிறது என்று தேடித் தேடிக் காட்டினார்கள். புதிதாகப் பார்த்த இளையவர்கள் சிலருக்கு நிதானம் பொறுக்கவில்லை. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப விளக்குவது, சாய்ந்து சாய்ந்து பார்க்கும் கேமரா, உரத்த பின்னணி இசை ஆகியவற்றுக்கு வயதாகிவிட்டது என்றார்கள். அது நியாயமான குறைதான். வாரத்துக்கு ஒன்றாகப் பார்க்க எழுதியதை ஒரே இரவில் பத்துப் பகுதியாகப் பார்த்தால் முந்தைய வாரத்தை நினைவூட்டும் வசனம் சலிக்கத்தான் செய்யும்.

தொடரின் பெயரோ தனியே பிழைத்துக்கொண்டது. கடன்காரர், காய்ச்சல், அரசியல் எதிரி என்று தொல்லை விடாமல் துரத்தும் எதற்கும் நாளிதழ்கள் அதையே தலைப்பாக வைக்கின்றன. தொடரைப் பார்த்திராதவர்களும் இயல்பாகச் சொல்கிறார்கள்.

நாகாவின் பின்னைய வேலைகள் யாவும் இதோடு ஒப்பிட்டே மதிப்பிடப்பட்டன. அது அவருக்குச் சுமையும் ஆயிற்று. இயக்குநர் ஷங்கர் தயாரிப்பில் 2010இல் வந்த அவரது 'ஆனந்தபுரத்து வீடு' படத்தில் இறந்துபோன பெற்றோரின் ஆவிகள் மகன் குடும்பத்தைக் காக்கின்றன. பேச முடியாத சிறுவன் ஒருவனே அவர்களை முதலில் உணர்கிறான். பிள்ளையையும் ஆவியையும் பயமில்லாமல் சேர்த்துப் பார்க்கும் நல்ல முயற்சி அது. பயத்தை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அது போதவில்லை. 2024 அக்டோபரில் ஜீ5 தளத்தில் வெளியான 'ஐந்தாம் வேதம்' வலைத்தொடரும் 'மர்மதேசம் இயக்குநரிடமிருந்து' என்ற அறிமுகத்தோடேயே வந்தது. சில நாள் கழித்து நவம்பர் 10 அன்று இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். நூற்றுக்கணக்கில் நாவல் எழுதிய அவருக்கு வந்த அஞ்சலிக் குறிப்புகளில் பெரும்பகுதி, புத்தகங்களை விட்டுவிட்டு, சிறு வயதில் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு மர்மதேசம் பார்த்ததைப் பற்றியே பேசியது.