பனங்கள் பருவம்: யாழ்ப்பாணத் தீவகம்

பனங்கள் பருவம் என்பது, யாழ்ப்பாணத் தீவகத்தில் ஏறத்தாழத் தை, மாசி மாதங்களில் தொடங்கி ஆடி வரை பனையின் பாளையைச் சீவிச் சாறு இறக்கும் காலத்தைக் குறிக்கும். திராட்சை விளையும் நாடுகளில் ஓர் ஆண்டின் வெயிலும் மழையும் அவ்வாண்டு வைனின் தரத்தை முடிவு செய்வது போலவே, ஊர்காவற்துறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவுகளிலும் மாரியும் கோடையும் காற்றும் கள்ளின் அளவையும் சுவையையும் வகுக்கின்றன. எனினும் வைனின் காலக்கணக்கு ஆண்டு. கள்ளின் காலக்கணக்கோ மரத்தின் வயது, கடந்த மாரி, பானை தொங்கிய நேரம் என மூன்று அளவுகளில் இயங்குவது.

நிலமும் மரமும்

தீவகம் சுண்ணக்கல்லின் மேல் அமைந்த தட்டையான நிலம். இங்கு ஆறுகள் இல்லை. மழைநீர் கல்லின் துளைகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்துவிடுவதால், மாரி பொய்த்த ஆண்டில் கிணறுகள் விரைவில் உவர்ப்பாகிவிடும். இத்தகைய நிலத்தில் வறட்சியையும் உப்புக்காற்றையும் தாங்கி நிற்கும் மரம் பனையே. நெடுந்தீவில் முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிக் கட்டிய வேலிகளுக்கிடையே, வேறு பெருமரங்கள் அரிதான வெளிகளிலும் பனைகள் நிற்பதைக் காணலாம்.

பனையில் ஆண், பெண் எனத் தனித்தனி மரங்கள் உண்டு. முளைத்த பனை முதற்பாளை விடுவதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை செல்லும்; அதற்கு முன் இன்னது ஆண், இன்னது பெண் என்று தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாது. பூங்கொத்தும் அதை மூடியிருக்கும் மடலும் சேர்ந்ததே பாளை எனப்படுகிறது. பனைக் குடும்பத் தாவரங்களில் பாளையின் கரு வெளியே தெரிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே குருத்தினுள் தோன்றிவிடும். தென்னையில் இந்த இடைவெளி ஓராண்டுக்கும் மேற்பட்டது. ஆகவே ஒரு கோடையில் சுரக்கும் சாறு அந்தக் கோடையின் விளைவு மட்டுமன்று. முன்சென்ற மாரியில் நிலம் பெற்ற நீரும், ஓலைகள் ஆக்கி அடிமரத்தில் சேமித்த மாப்பொருளும் அதில் அடங்கியுள்ளன.

பருவ ஒழுங்கு

மாரி ஓய்ந்து தரை காயத் தொடங்கும் போது பாளைகள் வெளிவருகின்றன. பொதுவாக ஆண்பனைகள் முதலிலும் பெண்பனைகள் பின்னரும் சீவப்படுவதால், ஒன்றின் சாறு குறையும் காலத்தில் மற்றதன் சாறு கைகொடுக்கிறது. பங்குனி, சித்திரையின் தெளிந்த வெயில் நாட்கள் தொழிலுக்கு உகந்தவை. இடையில் மழை பெய்தால் பானைக்குள் நீர் கலந்து சாறு நீர்த்துப்போவதுடன், நனைந்த மரம் வழுக்கி ஏறுவதும் ஆபத்தாகும். வைகாசிக்குப் பின் வலுக்கும் சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று, மறைப்பில்லாத இத்தீவுகளில் மரத்தின் தலையை ஓயாது ஆட்டுவதால், பருவத்தின் பிற்பகுதி ஏறுபவருக்குக் கடினமானது. கள்ளுக்குச் சீவப்பட்ட பெண்பாளை காய்க்காது. நுங்கு, ஆவணியை ஒட்டி விழும் பழம், அதன் விதையிலிருந்து பெறும் கிழங்கு, ஒடியல் ஆகியவை சீவாமல் விட்ட மரங்களிலிருந்தே கிடைக்கின்றன. எந்த மரத்தைச் சீவுவது, எதைக் காய்க்க விடுவது என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டியிருப்பது இதனாலேயே.

சீவுதலும் நொதித்தலும்

சீவல் தொழிலாளி காலில் தளைநார் மாட்டி மரமேறி, பாளையைக் கட்டி, சில நாட்கள் அதை நசுக்கியும் தட்டியும் பக்குவப்படுத்திய பின், நுனியைப் பாளைக்கத்தியால் மெல்லிய சீவலாக அரிந்து அதன்கீழ் முட்டியைக் கட்டுவார். முட்டி என்பது வாய் குறுகிய சிறு மண்பானை. வெட்டுவாய் சில மணி நேரத்தில் அடைபட்டு ஊறல் தளர்வதால், காலையும் மாலையும் புதிதாகச் சீவ வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அந்தப் பாளையின் ஊறல் குன்றும்.

சொட்டும்போது சாறு இனிப்பானது; அதன் வெல்லச் செறிவு ஏறத்தாழ 10 முதல் 13 வீதம். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவப்பட்டிருந்தால் நொதிப்பு தடைப்பட்டு, அது கருப்பநீராகவே இறங்கும். அதைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்வர். சுண்ணாம்பு இல்லாத முட்டியில், முந்திய நாளின் எச்சத்திலும் காற்றிலும் உள்ள மதுவங்கள், அதாவது வெல்லத்தை மதுசாரமாக மாற்றும் நுண்ணுயிர்கள், மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுவதால், முட்டி இறங்கும்போதே மேலே வெண்ணுரை கட்டியிருக்கும். காலையில் இறக்கிய கள் இனிப்பும் இலேசான புளிப்புமாக இருக்கும். வெயில் ஏற ஏற மதுசாரம் கூடி, பின்னர் அசற்றிக் அமிலம் மிகுந்து காடியாகிறது. வெப்பமான நாளில் இம்மாற்றம் விரைவதால், ஒரே மரத்துக் கள்கூடத் தை மாதக் குளிரில் ஒரு சுவையும் சித்திரை வெயிலில் வேறு சுவையும் கொள்கிறது.

வைன் ஆண்டுடன் ஒப்பீடு

மிதவெப்ப நாடுகளில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் உறங்கி, இளவேனிலில் துளிர்த்து, பூத்த பின் ஏறத்தாழ நூறு நாளில் அறுவடைக்கு வருகிறது. துளிர்க்கும் காலத்து உறைபனி விளைச்சலைக் குறைக்கும். மிகுந்த வெயில் பழத்தின் வெல்லத்தைக் கூட்டி அமிலத்தைக் குறைக்கும். அறுவடைக்கு முந்திய மழை சாற்றை நீர்க்கச் செய்யும். பிரான்சின் போன் நகரில் 1354 முதல் தொகுக்கப்பட்டுள்ள அறுவடை நாட்களின் வரிசையில், கடும் வெப்பம் நிலவிய 2003ஆம் ஆண்டு மிக முந்திய அறுவடைகளுள் ஒன்றாகப் பதிவாகியுள்ளது. வெப்பமண்டலத்தில் கொடி உறங்குவதில்லை. தமிழகத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்துச் செய்யும் காலத்தை மாற்றி ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்கப்படுவதால், அங்கு ஆண்டு என்னும் எல்லையே தளர்ந்துவிடுகிறது. பனங்கள்ளில் அது முற்றாகக் கரைகிறது. அறுவடை ஒரு முறை நிகழ்வதன்று. பருவம் முழுவதும் நாளுக்கு இருமுறை நிகழ்வது. சேமித்து முதிர வைக்க இயலாத பானமாதலால், நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் போத்தலில் எஞ்சாமல், சீவுபவரின் அனுபவத்திலும் குடிப்பவரின் நாவிலுமே தங்குகின்றன.

தொழிலமைப்பும் மாற்றமும்

கள் தவறணைகள் எனப்படும் கள்ளுக்கடைகளில் விற்கப்பட்டு, பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் பருகப்படுவது பழைய வழக்கு. பிற்காலத்தில் சீவல் தொழிலாளர் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களில் இணைந்தனர். 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் போரினால் ஊர்காவற்துறைத் தீவின் மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்ததால் பல வளவுகளில் மரங்கள் சீவப்படாது நின்றன. வடபகுதியெங்கும் காப்பரண்களுக்காகவும் பனைகள் தறிக்கப்பட்டன. ஒரு பனை பாளை விடப் பதினைந்து ஆண்டளவு தேவைப்படுவதால், அவ்வாறு இழந்த மரங்களின் வெற்றிடம் அடுத்த தலைமுறையின் பருவங்களிலும் தொடர்ந்தது. மரங்கள் சீவப்படாமல் நிற்பதற்கு, மரமேறுவோர் குறைந்துவருவது மற்றொரு காரணமாகும்.

சூடாக்கி நொதிப்பை நிறுத்திப் போத்தலில் அடைத்த கள்ளும் இன்று விற்பனையாகிறது. அதன் சுவை மாதங்கள் கடந்தும் பெரிதும் மாறாதது. தவறணைக் கள்ளோ அன்று காலை இறக்கியதாகவே இருக்க வேண்டியது. ஆடிக்குப் பின் தவறணைகளில் பனங்கள் அருகி, தென்னங்கள் அதன் இடத்தைப் பிடிக்கும். பனங்கள் அடுத்த மாரி முடியும்வரை காத்திருக்கும்.