மெட்டுப் போட்டவரும் மீட்டெடுத்தவரும்



வீடியோ கேம் இசையை வாழவைப்பது இயற்றியவரின் திறமையா, ரசிகரின் ஆர்வமா? இதுதான் இன்றைய வழக்கு. ரசிகரின் ஆர்வமே என்று வாதாட வந்திருக்கிறேன். "அதுல இசை எங்கய்யா இருக்கு? டொய்ங் டொய்ங்னு சத்தம்தானே!" என்று உங்களில் பல பேர் நினைக்கிறது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். அந்த டொய்ங்கில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

1972. அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் 'பாங்' என்று ஒரு விளையாட்டைக் கொண்டு வந்தது. திரையில் ஒரு புள்ளி, இரண்டு மட்டை, அவ்வளவுதான். "ஆட்டக்காரன் ஜெயித்தால் கூட்டம் ஆரவாரம் செய்கிற ஓசை வேண்டும்" என்று கேட்டார் அதிபர் நோலன் புஷ்னெல். செய்து கொடுக்க வேண்டிய பொறியாளர் ஆலன் ஆல்கார்ன் கையில் அதற்கான உதிரிப்பாகம் இல்லை. என்ன செய்தார்? மின்சுற்றில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த துடிப்பு ஒன்றைப் பிடித்து ஒலிபெருக்கியில் விட்டார். ஆரவாரம் கேட்ட இடத்தில் கிடைத்தது ஒரு 'டொக்'. கல்யாணத்துக்கு நாதஸ்வரம் கேட்டால் பீப்பீ வந்த கதை! (சிரிப்பு)

ஆறே வருடம். 1978-இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனத்தின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தது. ஆக்கியவர் டோமோஹிரோ நிஷிகாடோ. அதில் நான்கே சுரம். மேலிருந்து கீழே இறங்கும், மறுபடி இறங்கும். எதிரிகள் குறையக் குறைய அந்த நான்கு சுரமும் வேகம் பிடிக்கும். ஆடுகிறவன் நெஞ்சும் கூடவே அடிக்கும். அன்றைக்குத்தான் சத்தம் தாளமாயிற்று.

அடுத்து 1983. நிண்டெண்டோவின் 'ஃபேமிகாம்' வீட்டுக்குள் வந்தது. அதன் ஒலிக்கு மொத்தம் ஐந்து வழிகள். மெட்டுக்கும் துணைக்கும் இரண்டு, அடிக்குரலுக்கு ஒன்று, 'புஸ்' என்று இரைகிற தாளத்துக்கு ஒன்று, பதிந்த துண்டு ஒலிக்கு ஒன்று. இதை வைத்துக்கொண்டு 1985-இல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டத்துக்கு மெட்டுப் போட்டார் கோஜி கோண்டோ. படம், ஆட்டம், பாட்டு எல்லாம் சேர்ந்து 40 கிலோபைட். இன்றைக்கு உங்கள் கைப்பேசியில் வருகிற ஒரு 'காலை வணக்கம்' படமே அதைவிடப் பெரிசு! (சிரிப்பு) மரியோ குதிக்கும்போது அந்தக் குதி ஓசைக்காக ஒரு குரல் பாட்டை விட்டு விலகி நிற்கும். குதித்து முடித்ததும் வந்து சேர்ந்துகொள்ளும். அப்படி விட்டுவிட்டு ஒலித்தும் மெட்டு உடையவில்லை. நூறு தடவை சுற்றி வந்தாலும் சலிக்கவில்லை. 2023-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், காலமெல்லாம் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் அதைச் சேர்த்தது. வீடியோ கேம் இசை அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் முறை. (கைதட்டல்)

எதிரணித் தலைவர் இப்போது சிரிக்கிறார். "பேராசிரியர் எங்கள் கட்சிக்கே பேசுகிறாரே" என்ற சந்தோஷம்! ஐயா, திறமை இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? திறமை உண்டு. அந்தத் திறமைக்கு என்ன கதி ஆயிற்று என்பதுதான் என் கேள்வி.

குறுந்தொகையில் 40-ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் நமக்குத் தெரியாது. பாட்டுக்குள் அவர் சொன்ன உவமையையே பெயராக்கி, செம்புலப் பெயனீரார் என்று கூப்பிடுகிறோம். இரண்டாயிரம் வருடத்துப் பழசு, பெயர் தொலைந்துவிட்டது, சரி. ஆனால் நேற்று 1987-இல் ஜப்பானில் காப்காம் நிறுவனம் 'மெகா மேன்' வெளியிட்டதே, அதற்கு மெட்டுப் போட்டவர் மனாமி மட்சுமாயே என்கிற இளம் பெண். ஆட்டத்தின் முடிவில் வருகிற பட்டியலில் அவருடைய முழுப்பெயர் இல்லை. ஒரு வேடிக்கையான புனைபெயர்தான் இருந்தது. அந்தக் காலத்தில் பல ஜப்பானிய நிறுவனங்களில் இதுதான் வழக்கம். உண்மைப் பெயரைப் போட்டால் போட்டி நிறுவனத்தான் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற பயமே காரணம் என்பார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் அந்த மெட்டை முணுமுணுத்தார்கள். யார் போட்ட மெட்டு என்று ஒருத்தருக்கும் தெரியாது. படைத்தவளுக்கே பட்டியலில் இடமில்லை என்றால், திறமை மட்டும் அவளை வாழவைத்ததா? சொல்லுங்கள்!

இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்த இசை ஒலிநாடாவில் பதிந்த பாட்டு இல்லை. "இந்தச் சுரத்தை இத்தனை நேரம் ஒலி" என்று சிப்புக்குப் போட்ட உத்தரவு. சிப் இருந்தால் பாட்டு உண்டு. இயந்திரம் பழுதானால் உத்தரவு இருக்கும், கேட்டு நடக்க ஆள் இருக்காது. ஏட்டுச்சுவடி இருந்தும் படிக்கத் தெரிந்தவர் இல்லாத வீடு மாதிரி. 1982-இல் வந்த 'கமடோர் 64' கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒலி சிப்புக்கு மூன்றே குரல். அந்த மூன்றை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் ராப் ஹப்பர்டும் மார்ட்டின் கால்வேயும் ஒரு வாத்தியக் குழுவையே கண்முன் நிறுத்தினார்கள். கணினி விற்பனை முடிந்தது, நிறுவனமும் 1994-இல் திவாலாகிப்போனது. பாட்டுகளை யார் காப்பாற்றினார்கள்? சம்பளம் வாங்காத ரசிகர்கள். அந்தச் சிப்பைப் போலவே நடிக்கிற மென்பொருள்கள் எழுதினார்கள். ஆட்டங்களுக்குள்ளிருந்து பாட்டை மட்டும் பிரித்தெடுத்தார்கள். எடுத்தவற்றை இயற்றியவர் பெயர்வாரியாக அடுக்கினார்கள். 'ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன்' என்கிற அந்தத் தொகுப்பில் இன்று 50,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள் இருக்கின்றன. உ.வே.சா. ஊர் ஊராகப் போய்ச் சுவடி தேடினாரே, அந்த மனசுதான் இது. (கைதட்டல்)

எதிரணியில் பேசிய அம்மையார் ஒரு சரித்திரம் சொன்னார். 1987-இல் டோக்கியோவில் 'டிராகன் குவெஸ்ட்' இசையமைப்பாளர் கோய்ச்சி சுகியாமா அந்த இசையைக் கச்சேரி மேடையேற்றினார், அதனால் இயற்றியவரே வாழவைத்தார் என்றார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மூன்று வருடம் முந்தி, 1984-இல், 'வீடியோ கேம் மியூசிக்' என்ற பெயரிலேயே ஒரு இசைத்தட்டு வந்ததே! வீடியோ கேம் இசைக்கென்று வந்த முதல் தொகுப்பு என்று அதைத்தான் சொல்கிறார்கள். கொண்டு வந்தவர் ஹருவோமி ஹோசோனோ. 'யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா' குழுவில் அன்றைக்கே பெரிய புள்ளி. அதில் இருந்தவை நாம்கோ நிறுவனத்து ஆட்டங்களின் மெட்டுகள். அவர் அவற்றை இயற்றியவர் இல்லீங்க, ரசித்தவர்! முதல் கதவைத் திறந்ததே ரசிகன்தான்.

"சரி, காப்பாற்றினார்கள், புகழ்ந்தார்கள். மாற்றி வாசிக்க யார் உரிமை கொடுத்தது? ரீமிக்ஸ் என்பது இரவல் தானே?" என்று கேட்டார் இன்னொரு நண்பர். இரவல் என்று சொன்னதும் எனக்கு 'டெட்ரிஸ்' ஞாபகம் வந்தது. 1989-இல் கேம் பாய் கருவியோடு வந்த டெட்ரிஸில் ஒலிக்கிற மெட்டு 'கொரோபெய்னிகி' என்கிற ரஷ்ய நாட்டுப்பாடல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெக்ராசோவ் எழுதிய கவிதையிலிருந்து பிறந்த பாட்டு அது. அதைக் கேம் பாய்க்கு ஏற்றபடி அமைத்தவர் ஹிரோகாசு டனாகா. 1992-இல் அதே மெட்டை நடனப்பாட்டாக்கி, 'டாக்டர் ஸ்பின்' என்ற மாற்றுப்பெயரில் வெளியிட்டு, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 6-ஆம் இடம் பிடித்தார் ஒருவர். யார் தெரியுமா? ஆண்ட்ரூ லாயிட் வெப்பர். பின்னாளில் 2002-இல் நம்ம ஏ.ஆர். ரகுமானை வைத்து லண்டனில் 'பாம்பே டிரீம்ஸ்' நாடகம் தயாரித்தாரே, அவரேதான்! (கைதட்டல்) நிறுவனம் நாட்டுப்பாட்டை எடுத்தால் அது படைப்பு, பெரிய மனிதர் எடுத்தால் அது வெற்றி, தெருப்பிள்ளை எடுத்தால் மட்டும் இரவலா? நம்ம பழைய பாட்டுப் புத்தகங்களைப் பிரித்துப் பாருங்கள். பாட்டின் தலையில் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று அச்சிட்டிருக்கும். மெட்டு ஊர் விட்டு ஊர் போகிற பொருள். போகிற இடத்தில் எங்கிருந்து வந்தேன் என்று சொல்ல வேண்டும். நேர்மை என்பது அவ்வளவுதான்.

அந்த நேர்மையோடு 1999 டிசம்பரில் அமெரிக்காவில் டேவிட் லாயிட் என்கிற ரசிகர் 'ஓவர்க்ளாக்டு ரீமிக்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கினார். கிடார்க்காரன், பியானோக்காரி, படுக்கையறையில் கணினியோடு உட்கார்ந்திருக்கிற மாணவன், யார் வேண்டுமானாலும் ஒரு வீடியோ கேம் மெட்டைப் புதுசாக அமைத்து அனுப்பலாம். எந்த ஆட்டம், யார் இயற்றியது என்று பெயர் போட வேண்டும். கேட்கிறவர்களுக்கு இலவசம். நுழைவது மட்டும் லேசில்லை. அங்கே ஒரு நடுவர் குழு இருக்கிறது! அப்படியே திருப்பி வாசித்தால் தள்ளிவிடுவார்கள், மூல மெட்டே தெரியாதபடி மாற்றினாலும் தள்ளிவிடுவார்கள். தீர்ப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நம்ம நடுவர் ஐயா எவ்வளவோ தேவலை, ஒன்பது மணிக்குள் சொல்லிவிடுவார்! (சிரிப்பு)

விளைவைக் கேளுங்கள். 2008-இல் காப்காம் தன் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆட்டத்தைப் புதுப்பித்தபோது இசைக்கு யாரைக் கூப்பிட்டது? இந்த ரசிகர்களைத்தான். 2010-இல் 'டாங்கி காங் கன்ட்ரி 2' ஆட்டத்தின் மெட்டுகளை ரசிகர்கள் ஒரு தொகுப்பாக அமைத்தார்கள். அதில் ஒரு பாட்டுக்கு வந்து சேர்ந்தவர் டேவிட் வைஸ். மூல மெட்டைப் போட்ட அதே டேவிட் வைஸ்! மாப்பிள்ளை வீட்டு விருந்துக்குப் பெண்ணைப் பெற்றவரே வந்து பரிமாறின மாதிரி. (கைதட்டல்) 2022-இல் 'தி 8-பிட் பிக் பேண்ட்' என்கிற நியூயார்க் குழு, 1996-இல் வந்த 'கிர்பி' ஆட்டத்தின் மெட்டு ஒன்றை ஜாஸ் இசையாக்கியதற்காக கிராமி விருது வாங்கியது. அமைத்தவர்கள் சார்லி ரோசனும் ஜேக் சில்வர்மேனும். அந்த மெட்டு ஆட்டத்துக்குள்ளேயே கிடந்திருந்தால் கிராமி மேடை அதைக் கேட்டிருக்குமா?

நடுவர் அவர்களே, மணி அடிக்கப் போகிறீர்கள். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். மறைக்கப்பட்ட மனாமி மட்சுமாயே என்ன ஆனார்? 2014-இல் 'ஷவல் நைட்' என்று ஒரு ஆட்டம் வந்தது. மெகா மேனை விளையாடி வளர்ந்த தலைமுறை, ரசிகர்களிடமே பணம் திரட்டிச் செய்த ஆட்டம். அதற்குப் பெரும்பாலான மெட்டுகளைப் போட்டவர் ஜேக் காஃப்மன். வீடியோ கேம் ரீமிக்ஸ் செய்து செய்தே கை தேர்ந்த ரசிகர் அவர். அதே ஆட்டத்துக்கு இரண்டு மெட்டுகள் போட்டவர் மனாமி மட்சுமாயே. இந்த முறை புனைபெயர் இல்லை, சொந்தப் பெயர். 27 வருடம் முன்னால் பட்டியலில் மறைந்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள், அவர் மெட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். (பலத்த கைதட்டல்)

ஆகவே, பெயர் சொல்லாமல் எடுக்கிற ரீமிக்ஸுக்கு நான் வக்கீல் இல்லை. அது களவு. பெயர் சொல்லி எடுத்து, புதுசாக வாசித்து, இன்னொருவன் காதில் போடுகிறானே, அவன் பக்கம் நிற்கிறேன். மெட்டைப் பெற்றவர் இயற்றியவர்தான், அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. பெற்ற பிள்ளையை வளர்த்து, "இது இன்னார் வீட்டுப் பிள்ளை" என்று ஊருக்குச் சொன்னவன் ரசிகன். தலைப்பு 'பெற்றது யார்' என்று கேட்கவில்லை ஐயா, 'வாழவைப்பது யார்' என்று கேட்கிறது. தலைப்பைப் படித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.