தரவரிசையும் திருத்தணிக்காரரின் அறிக்கையும்

திருத்தணி சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியில் படித்து முடிக்கும் பிள்ளையின் பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். ஆனால் என்.ஐ.ஆர்.எஃப். என்ற தேசியத் தரவரிசைக்கு அந்தப் பல்கலைக்கழகம் கணக்குக் கொடுக்கும்போது அந்தப் பிள்ளை அதில் வருவதில்லை. சேப்பாக்கம், கிண்டி, தரமணி, மெரினா வளாகத் துறைகள்தான் அங்கே பல்கலைக்கழகம். இணைப்புக் கல்லூரி விரும்பினால் கல்லூரிப் பிரிவில் தனியே விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயரில் பட்டம் வாங்குவோரில் மிகப் பெரும்பாலோர் இத்தகைய கல்லூரிகளில் படிப்பவர்கள். ‘எங்கள் பல்கலைக்கழகம் இத்தனையாவது இடம்’ என்ற செய்தியால் அவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

இந்தக் கேள்வியோடு பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய இன்னோர் ஆவணம் இருக்கிறது. 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-ல் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தின் அறிக்கை அது. அவரே இணைப்புக் கல்லூரிகளில் படித்து வந்தவர்: முதலில் வேலூர் ஊரிஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரி. ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் தேர்வு முறையைத் திருத்துங்கள் என்றது ஆணையம். தேர்வு நாட்கள் நீங்கலாக ஆண்டுக்கு 180 வேலை நாட்களாவது வேண்டும் என்றது. இணைப்புக் கல்லூரி ஒன்றில் 1,500 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று உச்சவரம்பும் சொன்னது. கிராமப்புறப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கியது. வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் மாணவரிடமிருந்து தொடங்கும் அளவுகோல் இது.

2016-ல் முதல் பட்டியலை வெளியிட்ட என்.ஐ.ஆர்.எஃப்-பின் அளவுகோல் வேறு. பல்கலைக்கழகங்களுக்கான நூறு மதிப்பெண்ணில் கற்பித்தலும் வசதிகளும் 30, ஆய்வு 30, தேர்ச்சியும் அதன் பின்னான நிலையும் 20, எல்லாரையும் உள்ளடக்குவது 10, பிறர் மதிப்பு 10. ஆய்வுக்கான முப்பதில் பெரும்பங்கு கட்டுரை எண்ணிக்கைக்கும் மேற்கோள் எண்ணிக்கைக்கும் போகிறது. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற தரவுத்தளங்களில் ஏறிய கட்டுரைதான் கட்டுரை. உலகப் பல்கலைக்கழகங்களுக்காக 2003-ல் தொடங்கிய ஷாங்காய் பட்டியல் இன்னும் எட்டாத உயரம். நோபல், ஃபீல்ட்ஸ் பரிசு பெற்ற ஆசிரியர்களுக்கே அதில் 20 விழுக்காடு.

ஆணையத்தின் அளவுகோலையும் தரவரிசையின் அளவுகோலையும் கிண்டி வளாகத்தில் வைத்துப் பார்க்கலாம். இராதாகிருஷ்ணன் ஆணையத்தில் உறுப்பினராக இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியார்தான் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1952-ல் அவர் ஜி. என். இராமச்சந்திரனை இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க அழைத்தார். இராமச்சந்திரனுக்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை. பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். ஆய்வுக்கான கொலாஜன் என்ற புரதம் அங்கிருந்து கிடைத்தது. 1954-ல் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் முப்புரி அமைப்பை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். புரத ஆய்வில் இன்றும் தினந்தோறும் பயன்படும் இராமச்சந்திரன் வரைபடம் 1963-ல் வந்தது. இன்றைய தரவரிசை அன்று இருந்திருந்தால் இந்தக் கட்டுரைகளை மகிழ்ச்சியோடு எண்ணியிருக்கும். அவற்றுக்கு முன்னால் நடந்தவை, அதாவது ஓர் இளைஞரை நம்பிப் பதவி கொடுத்ததும், பக்கத்து நிறுவனம் கைகொடுத்ததும், எந்தக் கட்டத்திலும் பதிவாகியிருக்காது.

அதே பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் தருகிறது. தமிழ்நாட்டின் பல்கலைக்கழக ஆய்வில் இதைவிட அதிகம் பேர் பயன்படுத்திய நூலைச் சொல்வது கடினம். இதழ்க் கட்டுரைகளையே எண்ணும் இன்றைய கணக்கில் அதற்கு எத்தனை மதிப்பெண் வரும்?

தரவரிசையால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆசிரியர் எத்தனை பேர், நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் என்ன செலவு, முனைவர் பட்டம் எத்தனை என்ற விவரங்களை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டியிருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் காத்திருக்காமல் யாரும் பார்க்கலாம். பொதுப் பணத்தில் நடக்கும் இடத்துக்கு இந்தக் கணக்கு வேண்டும். நான் எதிர்ப்பது, அத்தனையையும் ஒற்றை எண்ணாகச் சுருக்கி அதை வைத்துப் பணம் பங்கிடுவதை. ‘மேன்மைமிகு நிறுவனம்’ என்ற மத்திய அரசுத் திட்டத்துக்கு அரசு நிறுவனங்கள் விண்ணப்பிக்க என்.ஐ.ஆர்.எஃப்-பில் முதல் 50 அல்லது உலகப் பட்டியலில் முதல் 500 இடத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். பணியிடம் நிரப்பாத மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டுரை குறையும், கட்டுரை குறைந்தால் இடம் இறங்கும், இடம் இறங்கினால் பணமும் வராது. இந்தச் சுழலில் முதலில் அடிபடுவது வளாகத்துக்கு வெளியே இருக்கும் கல்லூரிகள்.

1960 ஏப்ரல் 1-ல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர் திருத்தணி. வீட்டில் தெலுங்கு பேசிப் பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகள் இங்கே உண்டு. பொதட்டூர்பேட்டைப் பக்கம் தறி ஓட்டும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளின் கணிதப் பாடத்தையோ, அந்தத் தறிக்காரர்களின் கடனையோ ஆராய்ந்து தமிழில் எழுதும் ஆசிரியருக்கு ஸ்கோபஸ் கணக்கில் பெரும்பாலும் எதுவும் சேராது. ஆணையம் சொன்ன கிராமப்புறப் பல்கலைக்கழகத்திலோ அதுதான் முதல் வேலை.

சென்னைப் பல்கலைக்கழகம் என்.ஐ.ஆர்.எஃப்-புக்குக் கொடுக்கும் கணக்கோடு, இணைப்புக் கல்லூரி ஒவ்வொன்றிலும் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர், நடந்த வேலை நாட்கள் எத்தனை என்பதையும் அதே பக்கத்தில் ஆண்டுதோறும் வெளியிடட்டும். மகளைக் கல்லூரியில் சேர்க்க வரும் திருத்தணிப் பெற்றோருக்குத் தேவைப்படும் எண்கள் அவைதான்.