பாரதம் படித்த நிலம்: வியாசர்பாடிப் பெயர் குறித்து ஒரு கருதுகோள்

வியாசர்பாடி இரவீசுவரர் கோயிலின் தலபுராணம், வியாசர் அங்கு வந்து இறைவனை வழிபட்டதால் ஊருக்கு அப்பெயர் அமைந்தது என்கிறது. முனிவர் வந்தாரா இல்லையா என்று வழக்காடுவதில் ஆய்வாளருக்கு வேலை இல்லை. காவிய மாந்தர் ஒருவரின் பெயர் விளைநிலத்தின்மேல் எவ்வழியாக ஏறி உட்காருகிறது என்பதே கேட்கத்தக்கது. அந்த வழி பெரும்பாலும் மானியம் என்பது என் வாதம்.

வடசென்னையில் நாயகர் பெயரால் ஊரை விளக்கும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. தொண்டிக்கு அருகிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபை மக்கள் ‘தொண்டியார்’ என்று அழைத்தார்கள், அவர் தங்கிய இடம் தொண்டியார்பேட்டையாகிப் பின் தண்டையார்பேட்டை என மருவியது என்பது மேடைதோறும் சொல்லப்படுவது. மஸ்தான் சாகிபின் காலம் 1792–1838. எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததோ 1693-இல். அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே ஊர்ப்பெயர் கணக்கில் ஏறிவிட்டது. ஏற்கெனவே இருந்த பெயருக்குப் பொருத்தமாக ஒரு ஞானி பின்னால் வாய்த்தார், அவ்வளவே. காலடிப்பேட்டையின் கதை வேறு. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட் பேட்டை அது. காலம் பொருந்துகிறது. ஆனாலும் ஊரார் சொல்லும் கதையில் நாயகன் காலெட் அல்லர். காஞ்சி வரதராசர்மேல் தீராப் பக்தி கொண்ட அவரது ஊழியர் வீரராகவன். பெயரைத் துரை கொடுத்தார், கதையை ஊழியர் தட்டிக்கொண்டு போனார்.

வியாசர்பாடியை இந்த இரண்டில் எதிலும் அடக்க முடியாது. திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகியவற்றோடு 1708-இல் கம்பெனிக்கு வழங்கப்பட்ட ஐந்து ஊர்களில் அதுவும் ஒன்று. ஆகவே பெயர் கம்பெனி ஆட்சிக்கு முற்பட்டது. வியாசருக்கோ ஆண்டுக் கணக்கு கிடையாது. காலவரிசை இங்கே கைகொடுக்காது. நிலத்தில் சடங்கு செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும்.

அதற்கு நல்ல சான்று படுகளம். தொண்டை நாட்டுத் திரௌபதியம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடந்து, முடிவில் பதினெட்டாம் போர் வருகிறது. அறுவடை முடிந்த வயலிலோ ஊர்ப் பொதுவெளியிலோ துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுக்க வைத்துப் பெரிதாக வனைகிறார்கள். வீமன் வேடக்காரர் வந்து தொடையைப் பிளக்கிறார். உள்ளே புதைத்த கலயம் உடைந்து சிவப்புநீர் வழிகிறது. திரௌபதி கூந்தலை முடிகிறாள். கூட்டம் கலையும்போது அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய் நெற்குதிரில் போடுவதும் உண்டு. ஆண்டின் மற்ற நாள்களில் ஆடு மேயும் அந்த இடத்துக்கும் படுகளம் என்றே பெயர். துரியோதனன் அங்கே செத்தான் என்று ஊரில் யாரும் வரலாறு பேசுவதில்லை. ஆண்டுதோறும் அங்கே சாகிறான், அது போதும். மணப்பாறைப் பக்கத்து வீரப்பூரில் அண்ணன்மார் மாண்ட படுகளமும் இத்தகையதே. பொன்னர் சங்கர் வாழ்ந்த நூற்றாண்டைத் தேடிக் களைத்தவர்கள் பலர். மாசித் திருவிழாதான் அப்பெயரை மண்ணோடு பிணைத்து வைத்திருக்கிறது என்பதை அவர்கள் போதிய அளவு கருதவில்லை.

சடங்கு நடக்கச் செலவுண்டு. செலவுக்கு நிலம் வேண்டும். இங்கேதான் கூரம் செப்பேடு உதவுகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் எடுத்த சிவன் கோயிலுக்காகப் பரமேசுவரமங்கலம் என்னும் ஊர் இருபத்தைந்து பங்காக்கப்பட்டது. மூன்று பங்கு பூசைக்கும் கோயில் பராமரிப்புக்கும் பொறுப்பானவர்களுக்கு. இருபது, வேதம் வல்ல இருபது பேருக்கு. எஞ்சிய இரண்டில் ஒன்று மண்டபத்தில் நீரும் நெருப்பும் வைக்க, மற்றொன்று அதே மண்டபத்தில் பாரதம் படிக்க. ஒரு காவியத்தின் பெயரால் ஒரு பங்கு நிலம் கணக்கில் நிற்பதைத் தொண்டை மண்டலத்தில் இவ்வளவு பழைய காலத்திலேயே காண்கிறோம். அந்தப் பங்கை உழுதவனுக்கு அது ‘பாரதம் படிக்கிறவர் நிலம்’. வியாசர்பாடி என்னும் பெயரும் இவ்வாறான ஒரு மானியத்திலிருந்து கிளைத்திருக்கலாம் என்று கருதுகிறேன்.

ஒரு மறுப்பு உடனே எழும். கூரத்தில் நூலின் பெயர் உண்டே தவிர ஆசிரியர் பெயர் இல்லையே? உண்மை. ஆனால் புராணம் சொல்பவர் அமரும் இருக்கைக்கு வியாச பீடம் என்றே பெயர். அதில் அமர்பவர் அந்நேரத்துக்கு வியாசராகவே மதிக்கப்படுகிறார். பிரசங்கி குடியிருந்த பாடி வியாசர்பாடி ஆவதற்கு முனிவர் இமயத்திலிருந்து இறங்கி வரவேண்டியதில்லை.

இதைச் சோதிக்க வயல்கள் வேண்டும், அவை போய்விட்டன. பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள், இரயில் பாதைகள், கால்வாய், வாரியக் குடியிருப்புகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை விழுங்கின. புதுப் பெயர்கள் அரசாணையில் வருகின்றன: மகாகவி பாரதி நகர் என்று வைத்தார்கள், ஊர் அதை எம்.கே.பி. நகர் ஆக்கிவிட்டது. வியாசர்பாடி ஜீவா இரயில் நிலையத்தில் ப. ஜீவானந்தம் இருக்கிறார். 1952-இல் வண்ணாரப்பேட்டைத் தொகுதியில் வென்றவர் என்பதால் வட்டாரத்துக்கு அந்நியர் அல்லர். வருங்கால ஆய்வாளர் எவரேனும் அவர் அங்கே குடியிருந்தார் என்று எழுதாமல் இருக்க வேண்டும்.

பழைய வயற்பெயர்கள் ஒளிந்திருக்கக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது, பழைய கிரயப் பத்திரங்களின் சொத்து விவரம். சர்வே எண் வந்த பின்னரும் நான்கெல்லை சொல்லும்போது எழுத்தர்கள் ‘இன்ன மானியத்துக்குக் கிழக்கு, இன்ன மேட்டுக்குத் தெற்கு’ என்று பழைய பெயரையே எழுதினார்கள். இரண்டாவது, 1858-இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகள். மானியம் எந்த ஊழியத்துக்கு என்பதற்கே அதில் ஒரு பத்தி உண்டு. மூன்றாவது, 1767–1774 காலத்தில் தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகீர் ஊர்களில் நடத்திய அளவையும் அதற்கு மூலமான ஓலைக் கணக்குகளும். இவற்றில் வியாசர்பாடியிலோ அடுத்த ஊர்களிலோ பாரதப் பிரசங்கத்துக்கு விட்ட நிலம் அகப்பட்டால் என் கருதுகோள் நிற்கும். மூன்றிலும் கோயில், கணக்கு, தலையாரி, வண்ணார் மானியங்கள் மட்டுமே வந்து பாரதம் எங்குமே வராவிட்டால், அதைக் கைவிட்டுத் தலபுராணத்திடமே திரும்பிப் போகவேண்டியதுதான்.