கீழாநெல்லியும் அதன் உறவுச் செடிகளும்

கீழாநெல்லி, மழைக்குப் பின் வயல் வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் தானாக முளைக்கும் ஓராண்டுச் செடி. தாவரவியல் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். அரை மீட்டருக்கு மேல் வளர்வது அரிது. மெல்லிய கிளைகளின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக அமைய, அவற்றின் அடியில் சிறு உருண்டைக் காய்கள் தொங்கும். நெல்லி மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். காமாலைக்குச் செடியை வேரோடு அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பது தமிழ்நாட்டின் நெடுநாள் வழக்கம்.

பழைய நூல்கள் பலவும் இச்செடியை பில்லாந்தஸ் நிருரி என்றே குறித்தன. உண்மையான நிருரி அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு உரியது. நம் நாட்டில் அந்தப் பெயரில் பறிக்கப்படுபவை பெரும்பாலும் அமாரஸ், பிரட்டர்னஸ், டெபிலிஸ் ஆகிய மூன்றும். இவற்றை முதல் பார்வையில் பிரித்தறிவது கடினம். அமாரசின் பூவில் 5 இதழ்கள், பிரட்டர்னசில் 6. செந்தண்டும் சொரசொரப்பான காயும் கொண்ட யூரினேரியா மற்றோர் உறவு. இந்தப் பெயர்க் குழப்பத்தைச் சிறிய விஷயமாகக் கருத முடியாது. இனம் மாறினால் வேதிப்பொருளும் மாறுகிறது.

அமாரசின் தனி அடையாளம் லிக்னான் வகைச் சேர்மங்கள்: பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின், நிராந்தின், நிர்டெட்ராலின். இவை இலையில் மிகுதி, தண்டில் குறைவு. செடியின் கசப்புக்குப் பில்லாந்தினும் ஒரு காரணம். இவற்றோடு ஜெரானின், கொரிலாஜின் போன்ற டானின்களும், குவர்செட்டின், ரூட்டின் ஆகிய ஃபிளாவனாய்டுகளும், செக்யூரினின் வகை ஆல்கலாய்டுகளும் உள்ளன. உறவான நெல்லிக்கனியின் புகழுக்குக் காரணம் வைட்டமின் சி. அதன் துவர்ப்புக்குக் காரணம் டானின்கள்.

கல்லீரலை நச்சுப்பொருள்களிலிருந்து இச்செடிகளின் சாறுகள் காப்பதை எலிகளில் நடந்த பல சோதனைகள் காட்டியுள்ளன. மனிதரிடம் கதை வேறு. நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க் இருந்த குழு, 1987இல் செடிச்சாறு ஹெபடைடிஸ் பி வைரசின் பெருக்கத்துக்குத் தேவையான நொதியைச் சோதனைக்கூடத்தில் தடுப்பதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, 30 நாள் அமாரஸ் தூள் உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரசின் மேற்புற ஆன்டிஜென் மறைந்ததாக 'லான்செட்' இதழில் எழுதியது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. 2011இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வும் நம்பத்தகுந்த சான்று இல்லை என்றே முடித்தது. இனம், விளைந்த மண், பறித்த பருவம் ஆகியவற்றால் சேர்மங்களின் அளவு மாறுவது இந்த முரணுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆயினும் பலன் உறுதியாகவில்லை என்பதே இன்றைய நிலை.

பிரேசிலில் நிருரி 'கல்லுடைப்பான்' என்றே அழைக்கப்படுகிறது. கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வளர்ந்து சிறுநீரகச் செல்களில் ஒட்டுவதை அதன் சாறு குறைப்பதாகச் சோதனைக்கூட ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்கெனவே உருவான கல்லை உடைக்கும் என்பதற்கு அவை சான்றல்ல.

காமாலை தனி நோயன்று. பல நோய்களின் அறிகுறி. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். அந்தப் பெருமை கீழாநெல்லிக்குப் போய்விடுவதுண்டு. பித்தநாளத்தைக் கல் அடைத்ததால் வரும் காமாலை எந்தப் பச்சிலைக்கும் அடங்காது. காலம் தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்து. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கீழாநெல்லி குடிப்பதானால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.