நன்னீர் மீன்களில் உயிரியல் திரட்சி

உயிரியல் திரட்சி என்பது, ஓர் உயிரினம் வேதிப்பொருள் ஒன்றை வெளியேற்றுவதைவிட விரைவாக உள்வாங்குவதால், அப்பொருள் அதன் இழையங்களில் நாளடைவில் சேர்வதைக் குறிக்கும். ஆறு, ஏரி முதலிய நன்னீர் நிலைகளின் மீன்களில் பாதரசம், பல்குளோரினேற்ற இருபீனைல்கள், கரிமக் குளோரின் பூச்சிகொல்லிகள் ஆகியன இவ்வாறு சேர்கின்றன.

திரளும் முறை

மாசுகள் செவுள்கள் வழியாக நீரிலிருந்தும், குடல் வழியாக உணவிலிருந்தும் மீனின் உடலை அடைகின்றன. நீரில் அரிதாகவும் கொழுப்பில் எளிதாகவும் கரையும் சேர்மங்கள் கொழுப்பு இழையங்களில் தங்குகின்றன. பாதரசத்தின் இயல்பு வேறானது. நீரடி வண்டலில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இது மீனின் தசைப் புரதங்களுடன் பிணைகின்றது.

உயிரியல் உருப்பெருக்கம்

உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் மாசின் செறிவு உயர்வது உயிரியல் உருப்பெருக்கம் எனப்படும். இதனால், பிற மீன்களை உண்ணும் பெரிய, வயது முதிர்ந்த மீன்களிலேயே செறிவு பொதுவாக மிகுதியாகக் காணப்படும்.

கிளியர் ஏரி

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள கிளியர் ஏரி இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். கொசுவை ஒத்த, ஆனால் கடிக்காத சிறு பூச்சிகளை ஒழிக்க, 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டைகுளோரோ டைபீனைல் டைகுளோரோ ஈத்தேன் என்னும் பூச்சிகொல்லி இவ்வேரியில் இடப்பட்டது. முதன்முறை அதன் அளவு 7 கோடிப் பகுதி நீருக்கு 1 பகுதி. பின்னர் 5 கோடிக்கு 1 பகுதி. 1954 ஆம் ஆண்டுக்குப் பின் ஏரியின் முக்குளிப்பான் பறவைகள் இறக்கத் தொடங்கின. தொற்றுநோய் எதுவும் கண்டறியப்படவில்லை. அவற்றின் கொழுப்பைச் சோதித்தபோது, பத்து இலட்சத்தில் சுமார் 1,600 பகுதி அப்பூச்சிகொல்லி இருந்தது. நுண்ணுயிர் மிதவைகளில் இது சுமார் 5 பகுதியே. மிதவைகளிலிருந்து மீன்கள் வழியாகவே நஞ்சு பறவைகளை அடைந்திருந்தது.

மனிதர் மீதான தாக்கம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 1962 முதல் 1970 வரை ஆலையொன்று சுமார் 9 டன் பாதரசத்தை வபிகூன் ஆற்றில் விட்டது. ஆற்று மீனை உணவாகவும் பிழைப்பாகவும் கொண்டிருந்த கிராசி நேரோசு பழங்குடி மக்கள் பாதரச நஞ்சேற்றத்துக்கு உள்ளாயினர். 1970 இல் அங்கு வணிக மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது; மக்கள் உணவோடு வேலையையும் இழந்தனர்.

தோலையும் கொழுப்பையும் நீக்குவதால் கொழுப்பில் கரையும் மாசுகள் குறையும். தசையில் பிணைந்த மெத்தில் பாதரசம் இவ்வாறு நீங்குவதில்லை, சமைப்பதாலும் அழிவதில்லை. எனவே, மாசடைந்த நீர்நிலைகளில் பிடிபடும் பெரிய கொன்றுண்ணி மீன்களைக் கருவுற்ற பெண்களும் சிறுவரும் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகின்றது.