கரிசற் சீமையில் குருகுஹ கானம்

மதுரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் வழி விருதுநகரையும் சாத்தூரையும் கடந்து எட்டயபுரம் சீமையை அடைகிறது. வானம் பார்த்த பூமி அது. கரிசல் மண்ணிலே பருத்தியும் கம்பும் விளையும். மழை பொய்த்த ஆண்டில் அவையும் இல்லை. இந்த வறண்ட காற்றே பிற்காலத்தில் சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வேரூன்ற ஏதுவாயிற்று. திருவாரூரில் அவதரித்த ஸ்ரீ முத்துஸ்வாமி தீக்ஷிதர் தமது இறுதிக் காலத்தில் இச்சீமையை நாடி வந்ததும், அவருடைய கீர்த்தனங்கள் அழியாது நிலைபெற இச்சீமையே துணைநின்றதும் ஆஸ்திக அன்பர்கள் அறிந்து மகிழத்தக்க வரலாறாகும்.

தீக்ஷிதர் பிறந்தது 1775ஆம் ஆண்டு. ஹம்ஸத்வனி ராகத்தை உலகுக்கு அளித்தவர் எனப் போற்றப்படும் ராமஸ்வாமி தீக்ஷிதரே இவருடைய தந்தையார். வைத்தீசுவரன் கோயிலில் முத்துக்குமாரஸ்வாமியை வேண்டிப் பெற்ற பிள்ளையாதலின் முத்துஸ்வாமி என்னும் திருநாமம் அமைந்தது. இளமையில் சிதம்பரநாத யோகியுடன் காசிக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கினார். வடநாட்டு சங்கீதம் அவர் செவியில் நன்கு படிந்தது அங்கேதான். திரும்பி வந்து திருத்தணிகையில் முருகப் பெருமானின் அருள் பெற்று முதற் கீர்த்தனத்தைப் பாடினார் என்பது மரபு. அதனாலேயே ‘குருகுஹ’ என்பது அவருடைய முத்திரையாயிற்று.

அவருடைய பாட்டு பெரும்பாலும் சந்நிதியில் பிறந்த பாட்டு. காஞ்சி, திருவானைக்கா, திருவண்ணாமலை, காளத்தி, சிதம்பரம் என்னும் பஞ்சபூதத் தலங்களைத் தனித்தனியே பாடினார். திருவாரூர்க் கமலாம்பிகைக்கு நவாவரணக் கீர்த்தனங்களைச் சாற்றினார். மூர்த்தியின் திருநாமம், தலத்தின் பெருமை, மந்திர சாஸ்திரக் குறிப்பு, ராகத்தின் பெயர் ஆகிய யாவும் ஒரே கீர்த்தனத்தில் இழைந்து வருவதைப் பலவற்றிற் காணலாம். தலபுராணம் படியாதவரும் அவர் பாடலைக் கேட்டே ஒரு கோயிலை ஓரளவு தரிசித்துவிடலாம் என்றால் அது மிகையன்று.

அவர் வைணிகர். வீணையின் தந்தியிலே ஒரு ஸ்வரம் மற்றொன்றோடு இழைந்து செல்லும் நயமே அவர் சாகித்தியத்தின் நடையும் ஆகும். விளம்ப காலத்தில் நிதானமாகச் சென்று, முடியுந் தறுவாயில் மத்தியம காலத்தில் சொற்கள் விரைந்து பொழியும். இவர் பாட்டைப் பெரியோர் நாரிகேள பாகம் என்பர். தேங்காயை உடைக்கும் பொறுமை இல்லாதவர்க்கு உள்ளிருக்கும் இனிமை எட்டாது; வேகமாகப் பாடிக் கைதட்டல் பெற விரும்புவோர்க்கும் எட்டாது. இத்தனை ஆசாரமுடையவரே வெள்ளையரின் பாண்டு வாத்திய மெட்டுக்களுக்கும் வடமொழியில் தெய்வத் துதி அமைத்தார் என்பது வியப்பு.

தீக்ஷிதரின் தம்பியர் இருவர். அவர்களுள் சின்னஸ்வாமி மதுரையில் காலமானார். துயருற்ற பாலுஸ்வாமியை எட்டயபுரம் அரசர் ஆதரித்துத் தம் சமஸ்தான வித்வானாக்கிக் கொண்டார். பிடிலைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பயன்படுத்திய முன்னோடி இந்தப் பாலுஸ்வாமியே. எஞ்சிய தம்பியைக் காணும் ஆவலோடு தீக்ஷிதர் கரிசற் காட்டுவழியே நடந்தார். வழியில் நிலம் வெடித்துக் கிடக்கவும் பயிர் கருகி நிற்கவும் கண்டு மனமுருகி, அமிருதவர்ஷிணி ராகத்தில் ‘ஆனந்தாம்ருதாகர்ஷிணி’ என்னும் கீர்த்தனத்தைப் பாடி அம்பிகையை வேண்டினார் என்றும், மழை பொழிந்தது என்றும், அது அளவு கடந்தபோது நிறுத்துமாறும் அவரே வேண்டினார் என்றும் கூறுவர். இது செவிவழி வந்த செய்தியே. ஆயினும் தமக்கென ஒன்றும் கேளாத அம்மகான் உழவருடைய பயிருக்காகக் கேட்டார் என்று மக்கள் நினைவில் வைத்திருப்பது மிகவும் பொருத்தமானது. ரிஷபமும் தைவதமும் நீங்கிய, ஐந்தே ஸ்வரங்கள் கொண்ட ராகம் அது. அண்மையிலுள்ள கழுகுமலை முருகனையும் அவர் சுத்த தன்யாசியில் பாடியிருக்கிறார்.

1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளன்று எட்டயபுரத்தில் தீக்ஷிதர் இறைவன் திருவடி எய்தினார். சீடர்கள் ‘மீனாக்ஷீ மே முதம்’ என்னும் கீர்த்தனத்தைப் பாடக் கேட்டுக்கொண்டே உயிர் பிரிந்தது என்பர். அவருடைய சமாதி அவ்வூரிலேயே இருக்கிறது. சிவகாசிச் சீமை ஆண்டு முழுவதும் எந்த நாளுக்காக உழைக்கிறதோ, அந்த நாளே அவருடைய ஆராதனை நாளுமாகும்.

கீர்த்தனங்களோ குடும்பத்தாரிடமும் சீடர்களிடமும் வாய்மொழியாகவே தங்கியிருந்தன. ஒரு தலைமுறை மறந்தால் மறுதலைமுறைக்கு இல்லை. பாலுஸ்வாமியின் மகள் வயிற்றுப் பேரரும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீக்ஷிதர் (1839–1906) இந்தச் செல்வத்தைக் காத்து வந்தார். அதை அச்சேற்றும்படி விடாது வேண்டியவர் சென்னை சின்னஸ்வாமி முதலியார். கிறிஸ்தவ சமயத்தைச் சேர்ந்த அப்பெரியார், இந்திய சங்கீதத்தை மேனாட்டு ஸ்வரக் குறியீட்டில் வெளியிடும் பெருமுயற்சியில் கைப்பொருளையும் கண்ணொளியையும் இழந்தவர். அந்த நிலையிலும் எட்டயபுரம் வந்து அரசரிடம் தமக்கென எதுவும் கேளாமல், தீக்ஷிதர் பாடல்கள் வெளிவர வேண்டும் என்றே கேட்டார். அரசர் இசைந்து பொருள் உதவினார். நூலைக் காணும் பேறு முதலியாருக்குக் கிட்டவில்லை.

1904ஆம் ஆண்டு எட்டயபுரம் வித்யா விலாஸினி அச்சகத்தில் ‘ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’ தெலுங்கு எழுத்தில் அச்சாகி வெளிவந்தது. தீக்ஷிதரின் இருநூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனங்கள் கமகக் குறிகளோடு அதில் இடம்பெற்றன. இரண்டாண்டுகளில் சுப்பராம தீக்ஷிதர் மறைந்தபோது, அவ்வூரிலேயே பிறந்த பாரதியார் அவருக்கு இரங்கற்பா இயற்றினார். பின்னர் 1961 முதல் சென்னை மியூஸிக் அகாடமி அந்நூலைத் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது.